கிளினிக் நாள் வரை

பெப்ரவரி 11, இரவு

ஈசிஜி சரி. இரத்தம் சரி. சீனியும் சரி. ரியூசனில் மயங்கி விழுந்த பிள்ளைக்கு உடம்பில் ஒன்றும் இல்லையாம். வெளிக்கிடலாம் என்று பையை எடுக்கும்போதுதான் அந்த இளம் டொக்டர் வந்து, “அம்மா, கொஞ்சம் வெளியில் நில்லுங்கோ, நான் இவவோடு தனியாகக் கதைக்க வேணும்” என்றார். நான் அம்மா இல்லை, சித்தி என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி உள்ளே போனபோது பிள்ளை அழுதிருந்தாள். கையில் மனநலக் கிளினிக்குக்கு ஒரு துண்டு.

பெப்ரவரி 12

படுக்கையில் அவளாகவே சொன்னாள். நாலு கேள்வியாம். கொஞ்ச நாட்களாகச் செத்துப்போனால் நல்லது என்று நினைத்திருக்கிறாயா? நீ இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கு நல்லது என்று தோன்றியிருக்கிறதா? போன கிழமை உயிரை விட யோசித்தாயா? எப்போதாவது முயன்றிருக்கிறாயா? முதல் இரண்டுக்கும் ஓம் என்றிருக்கிறாள். மற்ற இரண்டுக்கும் இல்லை. ஒன்றுக்கு ஓம் என்றாலே இன்னொன்றும் கேட்பார்களாம்: இப்போது, இந்த நேரம், அந்த எண்ணம் இருக்கிறதா? அதற்கும் இல்லை. பிறகு வீட்டில் யார் யார், யாரோடு மனம்விட்டுக் கதைப்பாய் என்றெல்லாம் விசாரித்துத்தான் விட்டிருக்கிறார். இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷமும் தனியே விடாமல் அங்கேயே வைத்துப் பார்த்திருப்பார்கள்.

மயக்கத்துக்குப் போன பிள்ளையிடம் சாவைப் பற்றி ஏன் கேட்டார்கள், இல்லாத எண்ணத்தை உண்டாக்கவா என்று அண்ணா கத்தினார். நான் விடவில்லை, தேடி வாசித்தேன். இந்த நாலு கேள்விகளும் அமெரிக்காவில் மூன்று சிறுவர் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், 10 முதல் 21 வயது வரையான 524 பேரிடம் சோதித்துப் பார்த்து 2012இல் வெளியிட்டவை. மனம் சரியில்லை என்று வந்தவர்களிடம் மட்டுமல்ல, உடம்புக்கு முடியாமல் வந்தவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். கேட்பதால் எண்ணம் வராது. இந்த வயதில் யார் மனதைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்? தலையிடி, வயிற்றுவலி, மயக்கம் என்றுதான் வருவார்கள். அன்றைக்கு அவர் கேட்டிராவிட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்திருப்போம்.

இரண்டாவது கேள்விதான் என்னை விடுகிறதில்லை. எங்களுக்கு நல்லதாம்.

பெப்ரவரி 13

பொலிஸ் வருமா என்று அம்மா கேட்கிறா. உயிரை விட முயன்றவர்களைத் தண்டிக்கிற சட்டத்தையே இலங்கையில் 1998இல் எடுத்துவிட்டார்கள், இவள் ஒன்றும் செய்யவுமில்லை என்றேன். நம்பவில்லை. அர்ச்சனைக்குப் பத்திரகாளி கோயிலுக்குப் போய்விட்டா.

பெப்ரவரி 14

சாப்பிட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பெப்ரவரி 15

அம்மாவின் பிரஷர் குளிசை, சீனிக் குளிசை, பனடோல் எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். டொக்டர் சொன்னது. திறப்பு என்னிடம். பூட்டி என்ன பயன், நினைத்தவள் வேறு வழி பார்க்கமாட்டாளா என்கிறார் அண்ணா. அப்படியில்லை. 1995 அளவில் இந்த நாட்டில் தற்கொலைகள் உச்சத்தில் இருந்தன. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு பெருமளவு குறைந்தன. சாக வேண்டும் என்ற அந்த வேகம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும்.

1926ஐ அவளுடைய போனிலும் என்னுடையதிலும் பதிந்தேன். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். பார்த்துக்கொண்டு இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெப்ரவரி 16

நித்திரை இல்லை. ஒரு துண்டு, அவ்வளவுதான். அதைக் கையில் தந்ததோடு அவசரப் பிரிவின் வேலை முடிந்துவிட்டது. நாங்கள் போகாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஏன் வரவில்லை என்று யார் கேட்கப்போகிறார்கள்? திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு உவர்மலையிலிருந்து எங்களுக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம். தூரத்து வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வருகிற தாய்க்கு அது ஒரு நாள் கூலி. ‘விசர் கிளினிக்’ என்று சொல்கிற ஊர் வாய் வேறு. எத்தனை வீடுகளில் அந்தத் துண்டு அலுமாரிக்குள்ளேயே கிடக்கும்! அவ்வளவு பக்குவமாகக் கேட்டவர்கள், பிள்ளை அடுத்த கதவுக்குள் போகும்வரை பிடித்த கையை விடக்கூடாது. ஒரு போன் கோல் போதும். அடுத்த நாள் ஒரே ஒரு கோல்.

பெப்ரவரி 17

பிள்ளையின் தாய்க்கு, என் அக்காவுக்கு, சொல்வதா, விடுவதா? குவைத்தில் இருந்து என்ன செய்ய முடியும், அழுதுகொண்டு வேலை செய்வாள். நாள் முழுக்க இதே யோசனை. கடைசியில் பிள்ளையிடமே கேட்டேன். தானே சொல்கிறேன் என்றாள். பக்கத்தில் இருக்கச் சொன்னாள், இருந்தேன்.

“நான் படிக்கிறதுக்காகத்தானே நீங்கள் அங்கே கிடந்து கஷ்டப்படுறீங்கள். நான் இல்லாவிட்டால் வந்துவிடுவீங்கள்தானே.”

இதுதான் அந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் இருந்தது. அக்கா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார்கள். நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.

பெப்ரவரி 18

போனோம். நெடுநேரம் வாங்கில் இருந்தோம். பக்கத்துத் தெரு மனிசி ஒருத்தியும் அங்கே இருந்தா. நாங்களும் அவவும் தலையாட்டிக்கொண்டோம்.

கிளினிக் டொக்டர் துண்டை முழுக்க வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வைக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும். இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதியிருக்கிறார்கள்: மனம் கனக்கத் தொடங்கினால் எப்படித் தெரியும், அப்போது என்ன செய்வாள், யாருக்குக் கோல் எடுப்பாள். முதலில் சிநேகிதி, அடுத்தது நான்.

அடுத்த திகதி மார்ச் 4. அன்றைக்குக் கணிதப் பரீட்சையாம். திகதியை மாற்றுவதா, பாடசாலையில் சொல்வதா? எந்தக் கிளினிக் என்று ரீச்சர் கேட்டால் என்ன சொல்வது? நாளைக்கு அவளிடமே கேட்க வேண்டும்.