ஒன்றை நீக்கிப் பார்க்கும் பிவிசி பயிற்சி

பிவிசி தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் கலவைச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, எந்தப் பொருளை எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் எதற்காக இருக்கிறது என்பதை, அதை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்க்காமல் எவராலும் உணர முடியாது என்பது என் உறுதியான கருத்து. சென்னை கிண்டியில் 1968-இல் தொடங்கப்பட்ட சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் படித்து வருபவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும். மூத்த ஆபரேட்டரின் அருகில் நின்றே தொழில் கற்கும் சிறிய குழாய்த் தொழிற்சாலைப் பணியாளர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பிவிசி ரெசினின், அதாவது வேறெதுவும் சேர்க்காத பிவிசி தூளின், எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். ரெசினைத் தனியாகச் சூடாக்கினால், அது முழுமையாக உருகிக் கலப்பதற்கு முன்பே ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறத் தொடங்குகிறது. ஒரு மூலக்கூறில் ஓரிடத்தில் தொடங்கும் இந்த இழப்பு அடுத்தடுத்த இடங்களுக்குத் தொடர்ந்து பரவுவதால், இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உருவாகி, வெண்மையாக இருந்த பொருள் மஞ்சளாகி, செம்பழுப்பாகி, இறுதியில் கருத்துவிடுகிறது. எனவே முதல் பாடமாக, இந்தச் சிதைவைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் சேர்த்த தகடு, சேர்க்காத தகடு இரண்டையும் இரண்டு உருளை மில்லில் தயாரித்து, சிறு துண்டுகளாக வெட்டி, 180 டிகிரி அடுப்பில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு துண்டாக வெளியே எடுத்து அட்டையில் ஒட்டச் சொல்வேன். அந்த அட்டையைத் தம் கையால் தயாரித்தவர்கள், ஸ்க்ரூ சுழன்று பொருளை உருக்கும் பேரலின் வெப்பநிலையை விளையாட்டாக உயர்த்துவதில்லை.

இந்தப் பாடம் இன்று முன்பைவிட அவசியமாகியிருக்கிறது. ஈய ஸ்டெபிலைசர்கள் ஆபரேட்டரின் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொண்டன. ஆனால் ஈயம் நஞ்சு, குடிநீர்க் குழாயில் அதற்கு இடமிருக்கக் கூடாது. குழாய்களில் ஈய ஸ்டெபிலைசரைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021-இல் வெளியிட்டது மிகவும் சரியான முடிவு. அதற்கு மாற்றாக வந்த கால்சியம்-துத்தநாக வகையின் குணம் வேறு. துத்தநாகம் தொடக்க நிறத்தை நன்றாகக் காக்கிறது. ஆனால் அது குளோரினை ஏற்று உருவாகும் துத்தநாகக் குளோரைடே சிதைவைத் தூண்டுகிறது. கால்சியம் சேர்மமும் துணை ஸ்டெபிலைசர்களும் அதைக் கட்டுப்படுத்தும் வரை தகடு வெண்மையாகவே இருக்கும். அவை தீர்ந்தவுடன், இடையில் மஞ்சள் நிறம் காட்டி எச்சரிக்காமலேயே சட்டென்று கருத்துவிடும். ஈயக் காலத்துப் பழக்கத்தில் நிறம் மாறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் ஆபரேட்டருக்கு இதனை அடுப்பு அட்டையில் காட்டிவிட வேண்டும்.

இரண்டாவதாக லூப்ரிகண்ட், அதாவது உராய்வைக் குறைக்கும் பொருள். பயிற்சியில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், குழாயின் தரத்தை மிக நுட்பமாக மாற்றுவதும் இதுதான். பாரஃபின் மெழுகு போன்ற வெளிப்புற லூப்ரிகண்ட், உருகிய பொருள் ஸ்க்ரூவிலும், குழாய்க்கு வடிவம் தரும் டையிலும் ஒட்டாமல் காக்கிறது. அதைக் குறைத்தால் உராய்வு கூடி, மோட்டாரின் ஆம்பியர் ஏறி, பொருள் தன் வெப்பத்தாலேயே கருகுகிறது. கூட்டினாலோ இயந்திரம் அமைதியாக ஓடும், குழாயும் பளபளப்பாக வரும். ஆனால் ரெசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைவது தாமதப்பட்டு, குழாய் உள்ளுக்குள் பலவீனமாக இருக்கும். அந்தக் குழாயின் முனையைச் சாய்வாகச் சீவி, தகுந்த காற்றோட்ட வசதியுடன் மெத்திலீன் குளோரைடில் மூழ்கவைத்தால், இணையாத பகுதிகள் கரைப்பானால் தாக்கப்பட்டுப் பொரிந்து நிற்கும். கலவையைச் சூட்டில் பிசைந்து அதற்கு வேண்டிய முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரியோமீட்டர் உள்ள இடங்களில், மெழுகின் அளவை மாற்றிய சில கலவைகளை ஓட்டி, துகள்கள் இணையும்போது முறுக்குவிசை எட்டும் இணைவு உச்சம் எவ்வாறு தள்ளிப்போகிறது என்பதை வரைபடமாகவே காட்டலாம்.

செலவைக் குறைக்கச் சேர்க்கும் நிரப்புப் பொருளான ஃபில்லரைப் பற்றிய பாடத்தை முதலாளிகளும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஃபில்லராகச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட் கிலோ விலையில் மலிவு. ஆனால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 2.7, ரெசினுடையதோ 1.4. 20 கிலோ ஃபில்லர் சேர்த்தால் கன அளவில் சுமார் 10 கிலோ ரெசினின் இடத்தையே அது நிரப்பும். மீட்டர் கணக்கில் விற்கும் குழாயில், நினைத்த லாபத்தில் பெரும்பகுதி எடையாகவே வெளியே போய்விடுகிறது. கூடவே குழாயின் தாக்குதிறனும் குறைகிறது.

வயர், ஹோஸ் செய்பவர்களுக்கு, பிவிசியை மென்மையாக்கும் பிளாஸ்டிசைசர் தனிப் பாடம். 1926-இல் வால்டோ சீமோன் அமெரிக்காவில் பிவிசியை மென்மையாக்கிக் காட்டியதிலிருந்து அந்தக் கிளை தனியே வளர்ந்திருக்கிறது. கலவை செய்யும் முறையில் மட்டும் இரு தரப்புக்கும் பொதுவான ஒழுங்கு உண்டு: ஹாட் மிக்ஸரில் ஸ்டெபிலைசர் முன்னதாகச் சேர வேண்டும், குழாய்க் கலவை 120 டிகிரி அளவில் இறக்கப்பட்டு, கூலர் மிக்ஸரில் 45 டிகிரிக்கு அருகே குளிர்ந்த பிறகே மூட்டைக்குள் போக வேண்டும். சூட்டோடு மூட்டை கட்டினால் தூள் கட்டிபடும், அடுத்த ஷிப்டில் இயந்திரத்தில் தூள் கொட்டும் ஹாப்பர் அடைக்கும்.

இயந்திரத்தை நிறுத்தும் முறையை நான் எவருக்கும் வாய்மொழியாக மட்டும் சொல்லி விடுவதில்லை. சூடான பேரலில் பிவிசியை விட்டுச் சென்றால் அது அமிலத்தைக் கக்கி ஸ்க்ரூவையும் டையையும் அரிக்கும். ஆகவே பாலிஎத்திலீனையோ பேரலைச் சுத்தம் செய்யும் தகுந்த பர்ஜ் காம்பவுண்டையோ ஓட்டிப் பிவிசியை முழுமையாக வெளியேற்ற வேண்டும். டெல்ரின் என்று கடைகளில் கேட்கப்படும் அசிட்டால் பிளாஸ்டிக்கும் பிவிசியும் ஒரே பேரலில் ஒருபோதும் சேரக் கூடாது. பிவிசியின் அமிலம் அசிட்டாலைக் கடுமையாகச் சிதைத்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியேற்றும். பேரலுக்குள் அழுத்தம் ஏறி உருகிய பொருள் நாசிலிலிருந்து பீறிட்டு அருகில் நிற்பவரைச் சுட்டுவிடும். இரண்டு பொருள்களையும் மாற்றி மாற்றி ஓட்டும் இன்ஜெக்ஷன் மோல்டிங் பட்டறைகளில், ஒவ்வொரு இயந்திரத்திலும் இந்த எச்சரிக்கை தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.