லாக் போட்டால் தீராத கோளாறு

கோல்ட்ஃப்யூஷன் என்ற வெப் புரோகிராமிங் மொழியில் எழுதிய பழைய பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் வேலை சில வருடங்கள் என்னிடம் இருந்தது. அதன் கோடைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் சிஎஃப்லாக், அதாவது ஒரு பகுதியை ஒரே நேரத்தில் பலர் தொடாமல் பூட்டிவைக்கும் டேக். அப்ளிகேஷன் ஸ்கோப்பில் (எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான மெமரிப் பகுதி) இருக்கும் கம்பெனி பெயரைத் திரையில் காட்டக்கூட ஒரு லாக். எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. கோல்ட்ஃப்யூஷன் 5 வரை, செஷன், அப்ளிகேஷன், சர்வர் ஸ்கோப்புகளை லாக் இல்லாமல் படித்தாலே மெமரி கெட்டு சர்வர் விழுந்துவிடக்கூடும். 2002இல் எம்எக்ஸ் பதிப்பை ஜாவாவில் புதிதாக எழுதியபோது அந்த ஆபத்து நீங்கியது. போட்ட லாக்குகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

தேவையில்லாத லாக்குக்கும் விலை உண்டு. எக்ஸ்க்ளூசிவ் லாக்குக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்தான் (ஒரு பயனர் சர்வரிடம் ஒரு பக்கம் கேட்பது) நுழையும். எங்கள் கோடில் சில இடங்களில் லாக்குக்குள்ளேயே டேட்டாபேஸ் குவெரி ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் அது மெதுவானால் மற்றவர்கள் எல்லாரும் காத்திருப்பார்கள், டைம்அவுட் தாண்டியவருக்கு எரர்தான் வரும். குவெரியை வெளியே ஓட்டி, முடிவை லோக்கல் வேரியபிளில் வாங்கி, கடைசியில் ஒரே வரியில் அப்ளிகேஷன் ஸ்கோப்பில் வைத்தோம். அந்த ஒரு வரிக்கு லாக் வேண்டியிருக்கவில்லை.

இதைவிடப் பெரிய பிரச்சினை வேறொன்று. எப்போதாவது, ஒரு வாடிக்கையாளரின் அறிக்கையில் இன்னொருவரின் விவரம் வரும். எங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை முறை ஓட்டினாலும் வராது, ஏனென்றால் அங்கே ஒருவர், ஒரு ரிக்வெஸ்ட். குழுவில் ஒருவர் அந்த அறிக்கையைத் தயாரிக்கும் ஃபங்ஷனைச் சுற்றி லாக் போட்டுப் பார்த்தார். கோளாறு நின்றது, ஆனால் பக்கம் ஊர்ந்தது. சரி, லாக் போட்டால் ஏன் நிற்கிறது என்று தேடியபோதுதான் காரணம் தெரிந்தது. அந்த ஃபங்ஷன் இருந்த சிஎஃப்சி (ஃபங்ஷன்களை ஒன்றாக வைக்கும் கோல்ட்ஃப்யூஷன் கோப்பு) ஆப்ஜெக்டை வேகத்துக்காக அப்ளிகேஷன் ஸ்கோப்பில் வைத்திருந்தார்கள். ஃபங்ஷனுக்குள் இருந்த குவெரியின் பெயருக்கு 'வார்' அறிவிப்பு, அதாவது இந்த வேரியபிள் இந்த ஃபங்ஷனுக்குள் மட்டும் என்று சொல்லும் சொல், இல்லை. 'வார்' இல்லாத எதுவும் அந்த ஆப்ஜெக்டின் வேரியபிள்ஸ் ஸ்கோப்புக்குப் போய்விடும். ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்று, அதைத் தொடும் ரிக்வெஸ்ட்டுகளோ பல. இவருக்காக எடுத்த தரவின் மேல் அவருடையது வந்து உட்காரும்.

சாதாரண வேரியபிள் என்றால் பலருக்கும் 'வார்' நினைவில் இருக்கும். குவெரி டேக்கில் கொடுக்கும் பெயரும், லூப்பின் இண்டெக்ஸும் வேரியபிள்கள்தான் என்பது சுலபமாக விட்டுப்போகும். 2009இல் வந்த 9ஆம் பதிப்பில்தான் லோக்கல் ஸ்கோப் (ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கும் வேரியபிள்களின் இடம்) தனிப் பெயரோடு வந்தது. அதற்கு முன் எல்லா 'வார்' வரிகளையும் ஃபங்ஷனின் தலையிலேயே எழுதிவிட வேண்டும், நடுவில் புதிதாக ஒன்று சேர்ப்பவர் மேலே போய் எழுத மறந்துவிடுவார். 'வார்' சேர்த்ததும் அந்த லாக்கை எடுத்துவிட்டோம். அப்புறம் ஒவ்வொரு சிஎஃப்சியாகத் திறந்து இதையே தேடினோம். ஜேமீட்டர் என்ற சோதனைக் கருவியில் பல பயனர்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, வந்த பதிலில் இருக்கும் வாடிக்கையாளர் எண் கேட்டவருடையதுதானா என்று ஒப்பிட்டோம். இந்த வகைக் கோளாறுக்கு இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

லாக் உண்மையிலேயே தேவைப்பட்ட இடம் பில் எண். பழைய எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதுவதற்குள் இன்னொரு ரிக்வெஸ்ட் அதே எண்ணைப் படித்துவிட்டால் இரண்டு பில்லுக்கும் ஒரே எண். சிஎஃப்லாக் இதைத் தடுக்கும், ஆனால் ஒரு சர்வருக்குள் மட்டும். இரண்டாவது சர்வர் வந்ததும் அந்த எண்ணை டேட்டாபேஸுக்கு மாற்றினோம். டேட்டாபேஸ் தானே அடுத்தடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் போதாது: பில் பாதியில் ரத்தாகி ரோல்பேக் ஆனாலும் எடுத்த எண் திரும்பி வராது, கணக்குப் பிரிவோ நடுவில் எண் விடுபடக்கூடாது என்றது. அதனால் தனி டேபிளில் கடைசி எண்ணை வைத்திருக்கும் ஒரே ஒரு ரோ. பில்லைச் சேமிக்கும், முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் அதே டிரான்ஸாக்‌ஷனில் அதை அப்டேட் செய்தோம். அது முடியும்வரை அந்த ரோவை டேட்டாபேஸே பிடித்துவைத்துக்கொள்ளும், அடுத்த பில் காத்திருக்கும். எண் விடுபடாமல் இருக்க அந்த இடத்தில் காத்திருந்துதான் ஆக வேண்டும்.