ரெண்டு திரி விளக்கு

பர்மிங்ஹாம்ல பழைய விளக்கு ரிப்பேர் பண்ற ஒரு சின்ன பட்டறையில மூணு வருஷம் வேலை பார்த்தேன். அங்க வர்றதுல நிறைய மண்ணெண்ணெய் விளக்குதான், திரியை ஏத்தி இறக்குற திருகுல "ஹிங்க்ஸ்"னு பேர் பொறிச்சிருக்கும்.

சேர்ந்த முதல் வாரமே ஒரு தப்பு பண்ணிட்டேன். பித்தளை கறுத்துப்போயிருக்குன்னு நினைச்சு பாலிஷ் போட்டு தேய் தேய்னு தேய்ச்சதுல மேல பூசியிருந்த லாக்கர், அதாவது வார்னிஷ் மாதிரி ஒரு மெல்லிய பூச்சு, மொத்தமா போயிடுச்சு. முதலாளி திட்டல, உக்கார வச்சு சொன்னாரு. அந்தக் காலத்துல இந்த ஊர் பித்தளை பட்டறைகள்ல லாக்கர் பூசுற வேலையை பொம்பளைங்கதான் நிறைய செஞ்சாங்களாம், பித்தளையை சூடாக்கி வச்சுக்கிட்டு பிரஷ்ஷை ஒரே சீரா இழுக்கணும், கொஞ்சம் தயங்கினாலும் கோடு விழுந்துடும். யாரோ ஒரு அம்மாவோட கைவேலையை நான் அரைமணி நேரத்துல அழிச்சிருக்கேன், அது ரொம்ப நாள் மனசுல உறுத்திச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த விளக்கோட கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். முன்னாடி வசதியான வீடுகள்ல எரிச்சது கோல்சா எண்ணெய், நம்ம கடுகுக்கு சொந்தக்கார விதையிலேர்ந்து எடுக்கறது, கெட்டியா இருக்கும், திரியில அவ்வளவு சுலபமா ஏறாது, அதனால விளக்குக்குள்ள ஸ்பிரிங் வச்சு மேல தள்ள வேண்டியிருந்துச்சு. 1850ல ஜேம்ஸ் யங் நிலக்கரியிலேர்ந்து பாரஃபின் எண்ணெய் எடுக்கறதுக்கு பேட்டண்ட் வாங்கினாரு, 1859ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல டிரேக்னு ஒருத்தர் தோண்டின கிணத்துல பெட்ரோலிய எண்ணெய் வந்துச்சு. இதுங்கள்லேர்ந்து வடிச்செடுக்கற விளக்கு எண்ணெய், அதாவது மண்ணெண்ணெய், தண்ணி மாதிரி, திரியில தானாவே ஏறிடும். ஸ்பிரிங்கே வேணாம், ஒரு நல்ல பர்னர் இருந்தா போதும். ஹிங்க்ஸ் கம்பெனி 1865ல பேட்டண்ட் வாங்கின டூப்ளெக்ஸ் பர்னர்ல ரெண்டு பட்டைத் திரி பக்கத்துல பக்கத்துல நிக்கும், நடுவுல காத்து ஏறுறதால வெளிச்சம் நல்லா வரும். சின்னதா ஒரு நெம்புகோலைத் தட்டினா ரெண்டு சுடரும் மூடி அணையுற மாதிரியும் பர்னர்கள் வந்துச்சு. அணைக்கிறதுக்காக சிம்னிக்குள்ள ஊத வேண்டிய ஆபத்து இல்ல. இதைச் செஞ்ச கையை நான் கும்பிடுவேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை காலர் மாத்தறது. கண்ணாடி எண்ணெய்த் தொட்டி வாயில பித்தளை வளையத்தை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வச்சுத்தான் ஒட்டியிருப்பாங்க, மண்ணெண்ணெய் ஊறி ஊறி வருஷக்கணக்குல அது உதிர ஆரம்பிக்கும். ஒருநாள் ஒரு வளையத்தைக் கழட்டினப்ப உள்ள பிளாஸ்டர்ல ஒரு பெருவிரல் அச்சு அப்படியே இருந்துச்சு, ரேகை கூடத் தெரிஞ்சுது. பேட்டண்ட் வாங்கினவர் பேர் திருகுல இருக்கு, இவர் பேர் எங்கயும் இல்ல. வேலையை நிறுத்திட்டு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

மறுநாள் புது பிளாஸ்டர் குழைச்சு வளையத்தை வச்சு அழுத்தினப்ப என் பெருவிரலும் அதே இடத்துலதான் பதிஞ்சுது, வேற மாதிரி பிடிக்க வழியே இல்ல.