கைக்கு வந்த பாடம்: அல்ட்ராசவுண்ட் படித்த நாட்கள்

அல்ட்ராசவுண்ட் படிப்பில் சேர்ந்தபோது இயற்பியல்தான் கஷ்டமாக இருக்கும் என்று பயந்தேன். அது எளிதாகவே வந்துவிட்டது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஸ்கேன் செய்வது மெகாஹெர்ட்ஸ் கணக்கில், அதாவது பத்து லட்சம் ஹெர்ட்ஸ் கணக்கில். வயிற்றுக்கு 2 முதல் 5 வரை, தைராய்டு போல தோலுக்குப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு இன்னும் அதிகம். அதிர்வெண் கூடினால் படம் நுணுக்கமாகத் தெரியும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. இதெல்லாம் புத்தகத்தைப் படித்தே புரிந்துவிட்டது. கைக்குத்தான் வரவில்லை.

முதல் சில வாரங்கள் திரையில் சாம்பல் நிறத்தைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உடம்பில் வைத்து ஸ்கேன் செய்யும் கைக்கருவியான புரோபை லேசாகச் சாய்த்தாலே பித்தப்பை காணாமல் போய்விடும். தேடிப் பிடிப்பதற்குள் நோயாளி அடக்கியிருந்த மூச்சை வெளியே விட்டுவிடுவார், மறுபடி முதலிலிருந்து. கணையத்தைப் பார்க்கப் போனால் முன்னால் குடல் வாயு நிற்கும். காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும் என்று படித்திருந்தேன். தோலில் ஜெல் தடவுவதும் அதற்காகத்தான். ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுக்கு ஜெல் என்ன செய்யும்? புரோபை மெல்ல அழுத்தி வாயுவை ஒதுக்க வேண்டும், நோயாளிக்கு வலிக்கவும் கூடாது. அந்த அழுத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லித்தர முடியாது. எனக்குப் பிடிபட நாலைந்து மாதம் ஆயிற்று.

ஒருநாள் ஒரு அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்துப் பித்தப்பையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுதப் போனேன். எனக்குக் கற்றுக்கொடுத்த அக்கா, "இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லு" என்றார். திரும்பியதும் பையின் கழுத்துப் பகுதியில் ஒளிந்திருந்த கல் உருண்டு கீழே வந்தது, பின்னால் கறுப்பு நிழலோடு. உருண்டால் கல், அசையாமல் சுவரோடு ஒட்டியிருந்தால் பாலிப்பாக, அதாவது சுவரில் முளைத்த சிறு சதை வளர்ச்சியாக இருக்கலாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதற்கப்புறம் நோயாளியைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு பித்தப்பையையும் முடித்ததில்லை.

படிப்பு முடிந்து வேலைக்குப் போன இடத்தில் புது இயந்திரம். கருவின் தொடை எலும்பை அதுவே கண்டுபிடித்து அளந்துவிடும். நேரம் நிறைய மிச்சமாகிறது, எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. ஆனால் எலும்பு சாய்வாகப் படத்தில் விழுந்தால் குட்டையாகத் தெரியும். அந்தக் குட்டை அளவையும் இயந்திரம் துல்லியமாகவே அளந்து கொடுக்கும். எலும்பின் முழு நீளமும் தெரிகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளரும் அப்படித்தான். ரத்தம் ஓடும் திசைக்கும் ஒலிக்கற்றைக்கும் நடுவே கோணம் 60 டிகிரியைத் தாண்டினால் வேகக் கணக்கு தப்பத் தொடங்கும், எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமாக இருந்தாலும் சரி.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று: தோள்பட்டையை முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். கையை விரித்தபடியே நாள் முழுக்க ஸ்கேன் செய்து வலி வாங்கியவர்கள் இந்தத் துறையில் ஏராளம். நோயாளியை உங்கள் பக்கம் நகர்ந்து படுக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இப்போது கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபி பழகிக்கொண்டிருக்கிறேன். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கவைத்து, விலா எலும்புகளுக்கு நடுவே புரோபை வைத்து, நோயாளி மூச்சை நிறுத்தும் அந்தச் சில நொடிகளில் எடுக்க வேண்டும். மறுபடியும் கைதான் முதலில் பழக வேண்டியிருக்கிறது.