நாலு ஆறு காணாமல் போன நாள்

பல் கட்டுகிற லேபில் வேலை என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து கடைவாயைக் காட்டிவிடுகிறார். "இந்தப் பக்கம் லேசா கூசுது, பாருங்களேன்." ஐயா, நான் டாக்டர் இல்லை, டாக்டர் எடுத்து அனுப்புகிற அளவை வைத்துக்கொண்டு கேப், பல்செட் எல்லாம் செய்து தருகிற டெக்னீஷியன், என் கைக்கு வருவது உங்கள் வாயின் அச்சில் ஊற்றிய ஸ்டோன் மாடல்தான் என்று நான் விளக்கி முடிக்கும்வரை அவர் வாயை மூடுவதே இல்லை. இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான வாய்கள் எனக்குப் பழக்கம், முகம் ஒன்றுகூடத் தெரியாது. யாருக்கு வலது பக்கம் மட்டும் மென்று பழக்கம், யார் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார் என்பதெல்லாம் மாடலைப் பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். ஆனால் அவரே எதிரில் வந்து நின்றாலும் யாரோ என்று வழிவிட்டு ஒதுங்கிப் போவேன்.

எங்கள் பேச்சும் அப்படித்தான். ஒருமுறை பஸ்ஸில் போன் வந்தது, "கீழ்த்தாடை உடைஞ்சிடுச்சா? பரவாயில்ல, மேல்தாடை கொதிச்சிட்டிருக்கு, நான் வந்து திறந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அக்ரிலிக் பல்செட்டை அச்சுக்குள் வைத்து மூடி வெந்நீரில் வேகவைப்பதைத்தான் சொன்னேன். அந்தப் பெரியவருக்கு அது எப்படித் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரு நாலு ஆறு. பற்களுக்கு நாங்கள் இரண்டிரண்டு எண்ணாகத்தான் பெயர் சொல்வோம். முதல் எண் வாயின் எந்தக் கால்பகுதி என்பதற்கு, அடுத்தது நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதற்கு. ஆக நாலு ஆறு என்றால் கீழ் வலதில் முதல் பெரிய கடைவாய்ப்பல். அதை நாற்பத்தாறு என்று யாராவது சொன்னால் புதிதாக வேலைக்கு வந்தவர் என்று புரிந்துகொள்ளலாம். முழு ஜிர்கோனியா (பீங்கான் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கிற பொருள்), பல்லின் நிறத்துக்கு ஷேடு ஏ3, மறுநாள் காலை பத்து மணிக்கு நோயாளிக்கு அப்பாயிண்ட்மெண்ட், சீட்டில் சிவப்பு மையில் "அர்ஜெண்ட்". (அர்ஜெண்ட் என்று எழுதாத சீட்டை நான் இன்னும் பார்த்ததில்லை, அது வேறு கதை.)

மத்தியானம் மூன்று மணி இருக்கும். பைட், அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடிக்கிற பொருத்தம், பார்த்தாயிற்று, ஓரமெல்லாம் டையில், அதாவது கேப் ஏற வேண்டிய அந்தப் பல்லின் மாடலில், கச்சிதமாக உட்கார்ந்தாயிற்று, கடைசிப் பாலிஷ் மட்டும் பாக்கி. இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவே கேப், வலது கையில் மைக்ரோமோட்டார், அதன் நுனியில் ரப்பர் வீல். ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் சரிந்து பட்டது, அவ்வளவுதான். விளக்கின் மூடியில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

இந்தத் தொழிலில் பழகினவர்கள் அந்த நொடியில் ஆட மாட்டார்கள். மூச்சைக்கூட விடாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஏனென்றால் அடுத்தது தரையில் விழுகிற சத்தம் வரும், அது எந்தத் திசையில் வந்தது, எத்தனை தடவை குதித்தது என்று கேட்டுவிட்டால் பாதி தேடல் முடிந்த மாதிரி. நானும் காதைத் தீட்டினேன். அப்புறம் சத்தமே இல்லை. டிங் மட்டும்தான், டிக் இல்லை.

"யாரும் நகராதீங்க!" என்று கத்தினேன். எல்லோரும் காலைத் தூக்கின இடத்திலேயே நின்றார்கள். பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவன் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தவன், நகராதே என்றதும் கலக்குவதையும் நிறுத்திவிட்டான். கிண்ணத்தோடு கரண்டியும் சேர்ந்து இறுகினது பிறகுதான் தெரிந்தது.

ஜிர்கோனியா தரையில் விழுந்தால் லேசில் உடையாது, அது ஒரு ஆறுதல். ஆனால் எங்கள் தரை முழுக்க வெள்ளைத் தூள், அதில் வெள்ளைப் பல் ஒன்றைத் தேட வேண்டும். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால் சின்ன மணல் பரலுக்குக்கூட நீளமாக நிழல் விழும், அதுதான் எங்கள் வழக்கம். நாலு பேர் முட்டி போட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, நிழல் நிழலாகத் துரத்தினோம். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார், இருட்டில் தரையில் தவழ்கிற எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். அவரும் டெக்னீஷியனாக இருந்தவர்தான்.

அடுத்தது வாக்குவம் கிளீனர். நேராக இழுத்தால் பல் பைக்குள் போய்விடும் என்று அதன் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, மேஜைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று ஒவ்வொரு மூலையாக இழுத்தோம். துணியில் ஒட்டிக்கொண்டு வந்தவை: பல்செட்டுக்கு வைக்கிற அக்ரிலிக் பல் மூன்று, ஒரு ஸ்க்ரூ, போன மாதம் நான் தொலைத்துவிட்டு இன்னொருவர் மேல் சந்தேகப்பட்ட மெழுகுக் கத்தியின் மூடி. அப்புறம் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கேப்.

"கிடைச்சிடுச்சு!" என்று தம்பி குதித்தான். வாங்கிப் பார்த்தால் அது நாலு ஆறு இல்லை. ஒன்று ரெண்டு. மேல் வலது பக்கத்து வெட்டுப்பல், மெட்டலுக்கு மேல் செராமிக் போட்டது.

அறையில் ஒரு அமைதி. ஏனென்றால் அந்த ஒன்று ரெண்டை எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நாலு மாதத்துக்கு முன் கிளினிக்கிலிருந்து "டப்பா வந்தது, உள்ளே பல்லைக் காணோம்" என்று போன் வர, எங்கள் சீனியர் அண்ணன் "என் கையால பேக் பண்ணி மூடினேன், டெலிவரிப் பையன்தான் வழியில திறந்திருப்பான்" என்று அடித்துச் சொன்னார். அந்தப் பையன் அழாத குறை.

கேப்பைத் திருப்பினேன். பின்பக்கம் மெட்டலில் சின்னதாக ஒரு குமிழ் இருந்தது. செராமிக் ஏற்றும்போது இடுக்கியால் பிடிக்க வசதியாக அதை விட்டுவைப்போம், எல்லாம் முடிந்து அனுப்புவதற்கு முன்னால் அறுத்துத் தேய்த்துவிடுவோம். அந்தக் குமிழோடு ஒரு கேப் இந்த அறையை விட்டு வெளியே போயிருக்கவே முடியாது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் டார்ச்சைப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

"சரி, நாலு ஆறைத் தேடுங்கப்பா" என்றார், மிகவும் மென்மையான குரலில். அன்றைக்கு சாயங்காலமே டெலிவரிப் பையனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார், காரணம் சொல்லவில்லை. அவன் இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தான்.

நாலு ஆறு கிடைக்கவில்லை. டிசைன் கணினியில் இருந்ததால் புதிதாக ஒன்று கடைந்தெடுக்க முடிவாயிற்று. ஜிர்கோனியாவில் ஒரு வேடிக்கை உண்டு: கடையும்போது அது சாக்பீஸ் மாதிரி மெத்தென்று இருக்கும், சுடும்போது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் அந்த அளவுக்குப் பெரிதாகவே கடைய வேண்டும். மெஷினிலிருந்து வருகிற பல்லைப் பார்த்தால் குதிரைக்குச் செய்த மாதிரி இருக்கும். அதை ஃபர்னஸில் வைத்து 1500 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்க எங்களுக்கு ராத்திரி முழுக்க ஆகும். வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் அந்த டிங்தான் மண்டைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. விளக்கில் பட்ட பல் விழாமல் எங்கே போகும்?

வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்று முழங்கைவரை மடித்துவிட்டிருந்த சட்டைக் கையைப் பிரித்தேன்.

டிக்.

மூன்று மணிக்கு வர வேண்டிய சத்தம் ஒன்பதரைக்கு வந்தது. குளியலறைத் தரையில் இரண்டு தடவை குதித்து, தண்ணீர் போகிற துவாரத்தைப் பார்த்து உருள ஆரம்பித்ததை, இந்த வயதில் என்னால் முடியும் என்று நானே நினைக்காத ஒரு பாய்ச்சலில் போய் அமுக்கினேன். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தேடினவனாவது தனியாகத் தேடியிருப்பான், நான் நாலு பேரைத் தவழவிட்டிருக்கிறேன். சத்தம் கேட்டு ஓடி வந்த என் மனைவி, நான் குப்புறப் படுத்து ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "உங்களோடதா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் ஃபர்னஸைத் திறந்தால் புதுசும் தயார். இரண்டையும் பாலிஷ் செய்து, கிளேஸ் போட்டு, சுத்தம் பண்ணி எடுத்து வா என்று தம்பியிடம் கொடுத்தேன். நல்ல பையன், சொன்னதைச் சொன்னபடி செய்தான், இரண்டையும் ஒரே டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"எது பழசு, எது புதுசு?"

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?"

டையில் வைத்துப் பார்த்தேன், இரண்டும் உட்கார்ந்தன. பைட் பேப்பர் வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே இடத்தில் நீலப் புள்ளி காட்டின. மணி ஒன்பதேகால். ஒன்றைப் போட்டு டப்பாவை மூடினேன். ஒன்று என் டிராயருக்குள் போனது.

பதினொன்றரைக்கு டாக்டரிடமிருந்து போன். டாக்டர் போன் செய்தால் எங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும், பாராட்டுவதற்கென்று யாரும் லேபுக்குப் போன் செய்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் இவர், "பிரமாதம்ப்பா, அப்படியே உட்கார்ந்துச்சு, நான் எங்கயும் தேய்க்கவே இல்ல. இனிமே எல்லா கேஸும் இதே மாதிரி பண்ணிக் கொடுங்க. என்ன பண்ணீங்க இதுக்கு மட்டும்?" என்றார்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன்.

"ஆறரை மணி நேரம் சட்டைல ஊற வெச்சோம்னு சொல்லு" என்றார்.

"அப்படியே ஒன்று ரெண்டையும் அனுப்பட்டுமான்னு கேக்கவா அண்ணே?" என்றேன். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.