காரில் தூங்கிய மகள், டவுன் கோர்ட்டில் ஒன்பது மாதம்

என் மேல் இருந்த வழக்கு தள்ளுபடியானதற்கான, முத்திரை குத்திய பேப்பர் நேற்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது. படபடப்பு இன்னும் அடங்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் சின்ன ஊர்களில் விசாவில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது இதே இடத்தில் மாட்டிக்கொண்டால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

போன அக்டோபரில் ஒருநாள் நாலு வயது மகள் பின்சீட்டில் அசந்து தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வராமல் காரைப் பூட்டிவிட்டு, கறிவேப்பிலையும் தோசை மாவும் வாங்க இந்தியன் கடைக்குள் போனேன். பில் போடும் வரிசையில் நின்று திரும்பப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் காருக்குப் பக்கத்தில் போலீஸ். யாரோ 911-க்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்தது தப்பு, அதில் மறுபேச்சே இல்லை. ஸ்டேஷனில் கைரேகையும் போட்டோவும் எடுத்து, கோர்ட்டுக்கு வரும் தேதி போட்ட ஒரு டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். டிக்கெட் என்ற பெயரைப் பார்த்து ஸ்பீடிங் டிக்கெட் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அதில் இருந்தது பீனல் லா 260.10, குழந்தையின் நலனுக்கு ஆபத்து விளைவித்தல். கிளாஸ் ஏ மிஸ்டிமீனர், அதாவது பெரிய குற்றங்களுக்கு அடுத்த படியில் உள்ள குற்றம், அதிகபட்சம் 364 நாள் ஜெயில்.

குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் விசாரணை, அதாவது சிபிஎஸ், தனியாக நடந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், 60 நாளுக்குள் ஆதாரம் இல்லை என்று கடிதம் வந்தது. ஆனால் கோர்ட் வழக்கு முடிந்தால் இதுவும் முடிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். புகார் உறுதியானது என்று கடிதம் வந்தால் அதை மாற்றக் கேட்க உங்களுக்கு 90 நாள்தான் உண்டு.

முதல் கோர்ட் தேதியே வீண். டவுன் ஹாலில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோர்ட். கணவர் வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்தார். பனியில் உறைந்து தண்ணீர்க் குழாய் உடைந்த தகராறு, நாய்க்கு லைசென்ஸ் வாங்காதவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் முறை வந்ததும், இன்றைக்கு அரசுத் தரப்பு வக்கீல் வரும் நாள் இல்லை, நீங்களும் ஒரு வக்கீலோடு வாருங்கள் என்று சொல்லி மூன்று வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள். அரசு வக்கீல் சில நாட்களில் மட்டும்தான் வருவார் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. முதல் நாளே கிளார்க்குக்குப் போன் போட்டு அது எந்த நாள் என்று கேட்டுவிடுங்கள். போன் எடுக்கிற நேரமும் குறைவுதான், விடாமல் முயலுங்கள்.

அப்புறம்தான் பெரிய ஆபத்திலிருந்து தப்பினேன். பெரும்பாலும் டிராஃபிக் வழக்குகளைப் பார்க்கும் ஒரு வக்கீல் போனிலேயே, முதல் தடவைதானே, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்றார். ஜெயில் இல்லை என்றதும் எங்களுக்கு உயிர் வந்தது, பணத்தைக் கூட எடுத்து வைத்துவிட்டோம். எதிர்வீட்டு அக்காதான், விசாவில் இருக்கிறாய், இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று பிடிவாதமாகச் சொன்னார். இமிக்ரேஷன் வக்கீலிடம் போனால் வேறு கதை. 260.10-இன் முதல் உட்பிரிவில் தண்டனை பெற்றால் அது குழந்தைவதைக் குற்றத்தில் சேரும் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2016-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டதாம். 2019-இல் இரண்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதாவது அபராதம் மட்டும் கட்டியிருந்தாலும் நாடு கடத்தக் காரணமாகிவிடும். கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. ஒப்புக்கொண்டால் விசாவுக்கு என்ன ஆகும் என்று சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை, 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த முதல் வக்கீல் சொல்லவில்லை. நீங்களாகக் கேளுங்கள்.

இரண்டாவதாக வைத்த கிரிமினல் வக்கீல் ஏசிடி, அதாவது பிறகு தள்ளுபடி செய்வதற்காக வழக்கைத் தள்ளிவைக்கும் உத்தரவு, வாங்கித் தந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஆறு மாதம் வேறு வம்பில்லாமல் இருந்தால் வழக்கு தள்ளுபடியாகி, ஆவணம் மற்றவர்கள் பார்க்க முடியாதபடி முடக்கப்படும். அது கிடைக்காவிட்டால் டிஸார்டர்லி காண்டக்ட் என்ற சின்ன மீறலாகக் குறைக்கக் கேட்டிருப்போம், அது குற்றக் கணக்கில் வராது என்றார். எனக்கு ஒரு நிபந்தனை, குழந்தை வளர்ப்பு வகுப்பு. வகுப்பு நன்றாகவே இருந்தது. சான்றிதழில்தான் வினை. பாஸ்போர்ட்டில் எனக்கு லாஸ்ட் நேம் அப்பா பெயர், வகுப்பில் சேரும்போது பழக்கத்தில் கணவர் பெயரைப் போட்டுவிட்டேன். இது வேறு ஆள் என்று கிளார்க் திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்யாணச் சான்றிதழைக் காட்டியும் நகரவில்லை. திருத்தி வாங்க ஐந்து வாரம். முதல் கைரேகையிலிருந்து கடைசிக் காகிதம் வரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் வழக்கு தானாகவே தள்ளுபடியானது. எனக்கு ஆபீஸில் லீவு கிடைக்காததால், வழக்கு முடிந்ததற்கான சான்றை வாங்கிவரக் கணவரை அனுப்பினேன். அப்படி ஒரு வழக்கே இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முடக்கிய ஆவணத்தை சம்பந்தப்பட்டவருக்கோ, அவர் நோட்டரி கையெழுத்தோடு அனுப்பியவருக்கோதான் தருவார்களாம். அதைக் கணவரிடம் சொல்லக்கூட அந்தக் கிளார்க் அம்மாவுக்கு மனமில்லை, நான் மறுநாள் போன் செய்து கேட்டபோதுதான் சொன்னார்.

நேற்று நானே பாஸ்போர்ட்டோடு போனேன். கிளார்க் ஒரு இரும்புக் கருவியில் பேப்பரைச் சொருகி அழுத்தினார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன், முத்திரை மேடாக இருந்தது. டிஸ்மிஸ்டு என்ற ஒரு சொல்லைக் காரில் உட்கார்ந்து எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மூன்று ஒரிஜினல் வாங்கியிருக்கிறேன். ஒன்று டிசம்பரில் சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்கு. தள்ளுபடியாகி முடக்கியிருந்தாலும் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கைதானதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் போட வேண்டும் என்று இமிக்ரேஷன் வக்கீல் சொல்லியிருக்கிறார். இன்னொன்று கிரீன் கார்டு ஃபைலில். மூன்றாவதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.