வலது கண், ஏழு விநாடி

முதல் தடவை அது வந்தபோது மேசை விளக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஒரு பக்கத்தின் கடைசி வரியை முடித்துவிட்டுக் கண்ணைத் தூக்கினேன். எதிர்ச் சுவரில் இருந்த நாட்காட்டியின் எண்களெல்லாம் கானல்நீர் மாதிரி நடுங்கின. ஐந்தாறு விநாடிதான், நின்றுவிட்டது. பல்பை மாற்றினேன். மறுநாள் பட்டப்பகலில், விளக்கே போடாத நேரத்தில், திரும்ப வந்தது.

பல்பை மாற்றிய நாளிலிருந்து, இதற்குச் 'சுப்பீரியர் ஆப்லிக் மயோகிமியா' என்று ஒரு பெயர் இருப்பது தெரிய வந்த நாள்வரை 14 மாதம் ஓடியது. அதில் பாதிக்கு மேல் வீணாய்ப் போனதற்கு நான் பேசிய தமிழும் ஒரு காரணம். போன இடத்திலெல்லாம் "கண் துடிக்குது டாக்டர்" என்றுதான் ஆரம்பித்தேன்.

கண் துடிக்கிறது என்றால் கேட்பவர் காதில் விழுவது இமைத் துடிப்பு. அது ஏறக்குறைய எல்லோருக்கும் எப்போதாவது வருவது. தூக்கம் குறைந்தால், காபி அதிகமானால், வேலை நெருக்கினால் இமையைச் சுற்றியுள்ள தசை தானாகச் சொடுக்கும். பெரும்பாலும் கீழ் இமையில் வரும், சில நாளிலோ சில வாரத்திலோ போய்விடும். முதலில் பார்த்த பொது மருத்துவர் இரண்டு நிமிடத்தில் அதையே எழுதிக் கொடுத்துவிட்டார். தூக்கத்தைக் கவனியுங்கள், காபியைக் குறையுங்கள். சீட்டில் 'மயோகிமியா' என்று ஒரு சொல்லும் இருந்தது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன், காரணம் பிறகு சொல்கிறேன்.

காபியைக் குறைத்தேன். நன்றாகத் தூங்கினேன். நடுக்கம் தன்பாட்டுக்கு வந்துபோனது. இமை துடிக்கும்போது இமைதான் ஆடும், பார்க்கும் பொருள் ஆடாது. எனக்கு நேர்மாறு. விரலை இமைமேல் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது, ஆனால் உலகம் நடுங்கும். இந்த வித்தியாசத்தை அன்றே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

அதனால் சொல்லை மாற்றினேன். அதுவும் தப்பாகப் போயிற்று. "தலை சுத்துற மாதிரி இருக்கு" என்றதும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் பொறுமைசாலி. என்னைக் கட்டிலில் நீள உட்காரவைத்து, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்க, என் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மறுபக்கம். இதற்கு டிக்ஸ்-ஹால்பைக் சோதனை என்று பெயர், 1952-ல் அந்த இருவரும் விவரித்தது. உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம்மாறியிருந்தால் இந்த நிலையில் கண்கள் சுழன்று துள்ளும். எனக்கு ஒன்றுமில்லை. பிறகு தடித்த பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். காது சம்பந்தப்பட்ட கண்ணாட்டத்தை, ஒரு பொருளை உற்றுப் பார்ப்பதன் மூலமே நம் கண் அடக்கிவிடுமாம். அப்படி உற்றுப் பார்க்க முடியாதபடி செய்ய, 20 டயாப்டர் லென்ஸ். எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிய, அவருக்கு என் கண் பெரிதாகத் தெரியும். அதிலும் ஒன்றுமில்லை.

அந்த வாரம்தான் ராத்திரியெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். கண் தானாக ஆடுவதற்கு மருத்துவத்தில் நிஸ்டாக்மஸ் என்று பெயர். அந்தச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் தூங்கி வழிவதைக் குறிக்கிறது. தலை மெதுவாகச் சரிந்து சட்டென்று நிமிருமே, அதேபோல் கண் மெதுவாக ஒரு பக்கம் நழுவி வேகமாகத் திரும்பிவரும். வேகமாக வரும் திசையை வைத்துத்தான் பெயர் சூட்டுவார்கள். ஊசல்போல இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஆடுவதும் உண்டு. காரணங்களின் பட்டியலைப் பார்த்தால் வயிறு கலங்கும்: சிறுமூளைக் கோளாறு, நரம்புகளின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மண்டையோடு கழுத்தில் சேரும் இடத்தில் மூளையின் அடிப்பகுதி கீழிறங்கியிருப்பது, வலிப்பு மாத்திரைகள், லித்தியம், மெக்னீசியக் குறைவு, பி12 குறைவு. நான் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. மிச்சமிருந்தவற்றில் தினம் ஒரு நோயை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

அடுத்தது கண்ணசைவைப் பதிவுசெய்யும் சோதனை. இருட்டறையில், அகச்சிவப்புக் கேமரா பொருத்திய மூக்குக்கண்ணாடி மாட்டி, ஓடும் புள்ளியைத் தொடரச் சொன்னார்கள். பிறகு காதுக்குள் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மாற்றிமாற்றி ஊதினார்கள். அப்போது அறையே கிறுகிறுவென்று சுற்றியது. சாதாரணக் காதுக்கு வரவேண்டிய எதிர்வினைதான் அது. உட்காதின் செயல்பாட்டை ஆராய்ந்து இதை விளக்கிய ராபர்ட் பாரானிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. எனக்கு அந்தக் கிறுகிறுப்பால் ஒரு லாபம். அசல் நிஸ்டாக்மஸ் எப்படி இருக்கும் என்று உள்ளிருந்தே பார்த்துவிட்டேன். என்னுடையது அது இல்லை. என்னுடையதில் எதுவும் சுற்றாது, ஒரு பக்கமாக ஓடாது. நின்ற இடத்திலேயே அதிரும்.

அறிக்கை: நார்மல். எம்.ஆர்.ஐ.: நார்மல். பயம் போனது, எரிச்சல் வந்தது. "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார்கள். அதுவரை இல்லை.

திருப்பம் வந்தது கண்ணாடிப் பவர் பார்க்கப் போன இடத்தில். பரிசோதித்த பெண் படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. நான் வழக்கமான புராணத்தைப் பாடினேன். லென்ஸை மாற்றிக்கொண்டே கேட்டார்:

"எந்தக் கண்ணுல மேடம்?"

"ரெண்டுலயும்தான்."

"ஒண்ணை மூடிப் பாத்தீங்களா?"

11 மாதமாக இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்கவில்லை என்பது கிடக்கட்டும், எனக்கே தோன்றியதில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் தெரிவது ஒரே காட்சிதானே, அதில் எது ஆடுகிறது என்று எப்படிப் பிரிப்பது?

மூன்று நாள் கழித்து அடுத்த நடுக்கம் வந்தது. உடனே வலது கண்ணைக் கையால் மறைத்தேன். எழுத்துகள் சிலை மாதிரி நின்றன. கையை மாற்றி இடது கண்ணை மறைத்தேன், எல்லாம் அதிர்ந்தது. ஆக, வலது கண் மட்டும். காதோ சிறுமூளையோ காரணமானால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் சேர்ந்துதான் ஆடும். ஒரே ஒரு கண் ஆடுகிறது என்றால் தேட வேண்டிய இடமே வேறு.

அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு. தேதி, நேரம், எந்தக் கண், எத்தனை விநாடி, அதற்கு முன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்று இரண்டாகத் தெரிந்ததா. இரண்டு வாரத்தில் பக்கமே பேச ஆரம்பித்தது. கீழே பார்த்துவிட்டு நிமிரும்போது வருகிறது. படியிறங்கும்போது, புத்தகத்திலிருந்து தலை தூக்கும்போது, செருப்பு மாட்டி எழும்போது. சில சமயம் வரி இரண்டாகத் தெரியும், இரண்டாவது வரி கொஞ்சம் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வை முன்பும் பார்த்திருக்கிறேன், முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன். கடைசியில் மருத்துவர் பேனாவால் வட்டமிட்டது அந்தச் சொல்லைத்தான்.

காணொளி எடுத்த கதை தனி. நானே எடுத்த செல்ஃபிகள் எல்லாம் குப்பை. தங்கைதான் எடுத்தாள். "அக்கா, ஒண்ணுமே ஆடலையே, சும்மா சொல்றியா?" என்பாள். முகத்தை எடுத்தால் தெரியாது என்பது தாமதமாகத்தான் புரிந்தது. ஆட்டம் அவ்வளவு சிறியது. பின்பக்கக் கேமராவில் ஸ்லோ மோஷன் வைத்து, பக்கவாட்டிலிருந்து விளக்கடித்து, கருவிழியை விட்டுவிட்டு வெள்ளைப் பகுதியில் ஓடும் சிவப்பு இரத்தக்குழாய்க் கோடுகளை எடுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு முயற்சிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்கியது: 7 விநாடி. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அந்தக் கோடுகள் கடிகாரத்தின் முள் முன்னும் பின்னும் தடுமாறுவதுபோல் நடுங்கின. தங்கை வாயடைத்துப் போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தில் இல்லை.

அந்தக் காணொளியோடு நரம்பியல் கண் மருத்துவரிடம் போனேன். காத்திருப்பறையில் பக்கத்தில் ஒரு தாயும் ஐந்தாறு வயதுக் குழந்தையும். குழந்தையின் இரண்டு கண்ணும் இடம்வலமாக ஓயாமல் ஆடின. அவன் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பொம்மைப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நேராக்கிக்கொண்டே இருந்தார். வெளியே வந்த மருத்துவர், "விடுங்கம்மா, அந்தப் பக்கம் பாத்தாதான் அவனுக்குக் கண் அடங்குது" என்றார். பிறந்த சில மாதங்களுக்குள் தொடங்கும் ஆட்டத்தில் ஆட்டம் குறைந்த ஒரு கோணம் இருக்கும், பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். உலகம் ஆடுவதாகவும் அவர்களுக்குப் பொதுவாகத் தெரியாது. வயதுவந்த பிறகு வருவதில்தான் பார்ப்பதெல்லாம் ஆடும்.

என் முறை வந்தது. அவர் கண்ணைப் பார்க்கவில்லை, முதலில் குறிப்பேட்டைக் கேட்டார். பிறகு காணொளி, மூன்று தடவை. அதற்கப்புறம்தான் ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனை நுண்ணோக்கி முன் தாடையை வைக்கச் சொன்னார்.

"மூக்கு நுனியைப் பாருங்க. இன்னும் கீழே. அப்படியே இருங்க. சரி, இப்போ நேரா."

ஒன்றுமில்லை. மறுபடி. மறுபடி. நாலு தடவை ஆனது, எனக்கு வழக்கமான அவமானம் தலைதூக்கியது. இங்கேயும் நார்மலா? ஐந்தாவது தடவை நேரே பார்த்ததும் அவர் காதுக்குப் பின்னால் இருந்த விளக்கு நடுங்கியது. வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "வந்துடுச்சு. நீங்க எதுவும் சொல்லாதீங்க." ஒரு கணம் விட்டு, "நின்னுச்சு." சரியாக அதே நொடியில்தான் எனக்கும் நின்றிருந்தது. 14 மாதமாக எனக்கு மட்டுமே நடந்துகொண்டிருந்ததை இன்னொருவர் வெளியிலிருந்து பார்த்துவிட்டார்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அதில் ஒன்று மூக்கோரம் மேல்மூலையில் இருக்கும் ஒரு சின்னக் கப்பியில் கயிறுபோல் நுழைந்து திரும்பி வருகிறது. கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும்போது அதைக் கீழே இறக்குவதும், கண்ணைத் தன் அச்சில் உள்நோக்கிச் சுழற்றுவதும் அதன் வேலை. 'சுப்பீரியர் ஆப்லிக்' என்ற அந்தத் தசைதான் எனக்குத் தானாக அதிர்கிறது. சாய்ந்த இரண்டாவது வரி அந்தச் சுழற்சியால் வந்தது. இருட்டறைக் கருவியிலும் சிக்காததற்கு இரண்டு காரணம்: அன்று நடுக்கம் வரவேயில்லை, வந்திருந்தாலும் அந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் இடம்வலமும் மேல்கீழும்தான் அளக்கும், சுழற்சியை அல்ல. இந்த நோயை 1906-லேயே டுவேன் என்ற மருத்துவர் விவரித்திருக்கிறார். இப்போதைய பெயரை 1970-ல் ஹாய்ட், கீன் இருவரும் வைத்தார்கள். மயோ என்றால் தசை, கைமா என்றால் அலை. முதல் மருத்துவர் எழுதிய அதே 'மயோகிமியா'தான். சொல் சரி, தசைதான் வேறு.

அந்தத் தசைக்குப் போகும் நான்காவது மண்டை நரம்பை ஏதாவது இரத்தக்குழாய் உரசுகிறதா என்று எம்.ஆர்.ஐ.யை மெல்லிய துண்டுகளாக மறுபடி எடுத்தார்கள். இல்லை. பலருக்கும் காரணம் எதுவும் தெரியாமலேதான் வருமாம். ஆபத்தில்லை, மாதக்கணக்கில் காணாமல்போய் மறுபடி வரவும் செய்யும். ஆனால் இரண்டு கண்ணும் திடீரென்று ஆடினாலோ, கூடவே நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாவிட்டாலோ, இரட்டைப் பார்வை போகாமல் அப்படியே இருந்தாலோ ஒரு மணிநேரம்கூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

சிகிச்சையில் முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. தொந்தரவு பொறுக்க முடியாவிட்டால் கண்ணழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து, அல்லது கார்பமாசெபைன் மாத்திரை. கடைசியாக அறுவை. சொட்டு மருந்துதானே என்று நினைத்தேன், அதற்கே ஆஸ்துமா உண்டா என்று விசாரித்து, நாடித்துடிப்பும் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். மாத்திரை என்றால் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை வேண்டும், சிலருக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமை வரலாம். நான் சொட்டு மருந்தோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு கட்டத்தில் நாளுக்குப் பத்துத் தடவைகூட வந்தது இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று. மருந்தாலா, தானாகவே அடங்கும் காலமா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். மெய்ப்புத் தாள்களை மேசையில் பரப்பாமல் சாய்வுப் பலகையில் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறேன், கண் அவ்வளவு கீழே போக வேண்டியதில்லை. எனக்கு மருந்தைவிட இதுதான் உதவியது என்று தோன்றுகிறது.

கண்ணாடிப் பவர் பார்த்த அந்தப் பெண்ணிடம் போய்ப் பெயரைச் சொன்னேன். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். காணொளியையும் காட்டினேன். ஏழு விநாடி முடிந்ததும், "இன்னொரு தடவை போடுங்க மேடம்" என்றார்.